மூலம்

செம்புதாஸ் தெருவில் எங்களுக்குப் பூட்டுக் கடை.
தாழ்ப்பாள், கீல், கொண்டி, நாதாங்கி,
பித்தளையில் கொஞ்சம், இரும்பில் கொஞ்சம்,
துருப்பிடிக்காது என்று சத்தியம் செய்து விற்பது கொஞ்சம்.

"திறந்த மூலம்" என்று ஜெரோம் சொன்னதும்
தம்பி சபாபதி பெஞ்சில் நெளிந்து உட்கார்ந்து
"டாக்டரைப் பாக்கச் சொல்லு" என்றான்.
கடைப் பையன்கள் மத்தியானம் வரை சிரித்தார்கள்.
நான் சிரிக்கவில்லை.
மூல நட்சத்திரத்தில் பிறந்தவள்.
அந்த ஒரு சொல்லுக்காகப்
பதினோரு வீட்டிலிருந்து ஜாதகம் திரும்பி வந்திருக்கிறது.

பில் புத்தகத்தின் பின்பக்கம் நடுவில் கோடு போட்டேன்.
இடப்பக்கம் வாடகைக் கடை:
மாதம் பிறந்தால் டாலரில் கேட்பான்,
விற்கிற ஒவ்வொன்றிலும் கை நனைப்பான்.
ஆனால் கூரை ஒழுகினால் அவனே ஏறிப் பார்ப்பான்.
காலி பண்ணு என்றால்
வாடிக்கையாளர் பட்டியலை எடுத்துக்கொண்டு போகலாம்,
கடையை எடுத்துக்கொண்டு போக முடியாது.

வலப்பக்கம் சொந்தக் கடை. மென்பொருள் இலவசம்.
இலவசத்துக்கு வரிசையில் நின்று பழகிய வீடு எங்களுடையது;
மிக்ஸி சும்மா வந்தது, கரண்டு பில் தனியாக வந்தது.
சர்வருக்கு ஒரு தொகை, ஜெரோமுக்கு ஒரு தொகை,
ஜிஎஸ்டி போடும் செருகிக்கு ஒன்றுமில்லை,
அதை எழுதியவன் மூன்று வருடமாகக் காணவில்லை
என்பதைத் தவிர.

"நிரலை எல்லாரும் படிக்கலாம்னா
திருடனும் படிப்பானே?"
"உங்க டப்பாவுலயே ஏழு லீவர்னு அச்சடிச்சு விக்கிறீங்க.
பூட்டு எப்படி வேலை செய்யும்னு ஊருக்கே தெரியும், அக்கா.
சாவிதான் தெரியாது."
அந்தப் பதிலுக்காகவே அட்வான்ஸ் கொடுத்தேன்.
கொஞ்சம் அவசரம்தான்.

ஆடித் தள்ளுபடிக்கு முதல் ராத்திரி பதிப்பு மாறியது.
வரிச் செருகிக்கும் அதற்கும் ஆகவில்லை.
எல்லா விலையும் பூஜ்யம்.
விடிவதற்குள் நாற்பத்தோரு பேர்
பித்தளைப் பூட்டைச் சும்மா வாங்கியிருந்தார்கள்.
ஒருவர் ஐந்து நட்சத்திரம்கூடப் போட்டிருந்தார்.
ஜெரோமின் போன் ராயபுரத்தில் எங்கோ தூங்கியது.
வாடகைக் கடை என்றால்
திட்டுவதற்காவது ஒரு நம்பர் இருக்கும்.
சபாபதி ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் தேவலை.

பிறகுதான் கவனித்தேன்:
கூடையை நிரப்புகிறவர்களில் பாதிப் பேர்
கடைசிப் பக்கம் வந்து திரும்பிப் போகிறார்கள்.
பணம் கட்டும் பொத்தானில்
யாரோ தமிழில் எழுதி வைத்திருந்தார்கள்,
"வெளியேறு".
மரியாதை தெரிந்த சனம். வெளியேறியிருக்கிறது.

வாடகைக் கடையிலும் அதே சொல்தான்.
மண்ணடியில் குழாய் விற்கும் மெஹருன்னிசா
எட்டு மாதமாக எழுதிக் கேட்கிறாள்.
"உங்கள் கருத்துக்கு நன்றி" என்று
எட்டு தடவை வந்திருக்கிறது.

ஜெரோம் கோப்பைத் திறந்து காட்டினான்.
நானே அழித்தேன். நானே அடித்தேன்:
"பில் போடுங்க".
ஆறே எழுத்து.
அதை அவன் மூலத்துக்கே அனுப்பி வைத்தான்.
எந்த ஊரிலோ யாரோ பார்த்து
சரி என்று சேர்த்துக்கொண்டார்கள்.
ஜாதகம் கேட்கவில்லை.

திருப்பூரில் பனியன் விற்கிறவன் கடையிலும்
மட்டக்களப்பில் முந்திரி விற்கிறவள் கடையிலும்
இப்போது செம்புதாஸ் தெருக் குரலில் ஒரு பொத்தான்.
அவர்களுக்கு என்னைத் தெரியாது.

இதைக் கோட்டுக்கு எந்தப் பக்கம் எழுதுவது?
கூட்டிப் பார்த்தால் இன்னும் வலப்பக்கம்தான் நஷ்டம்:
நாற்பத்தோரு பூட்டு, ஜெரோமின் பாக்கி,
நான் தூங்காத ராத்திரிகளுக்கு விலை போடவில்லை.
திரையின் மூலையில் சிவப்புப் புள்ளி,
மறுபடியும் ஒரு புதுப் பதிப்பு வந்திருக்கிறதாம்.

இந்தத் தடவை முதலில் நகல் எடுக்கிறேன்.
சபாபதி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான்.