ஒரு டன் பழக்கம்

ஆவடி ஏலத்தில் அறுபத்தோராம் எண்.
நாற்பத்தோராயிரம் ரூபாய், வரி தனி.
லாரியின் வாலைப் பிடித்துக்கொண்டு
கடலூர் முதுநகருக்கு வந்து சேர்ந்தபோது
இரவு பதினொன்றரை.
உப்பனாற்றங்கரை நாய்கள்
ராணுவ மரியாதை எதுவும் தரவில்லை.
ஒன்று மட்டும் டயரை மோந்து
தன் முத்திரையை வைத்துவிட்டுப் போனது.

"இதுலயா தூங்கப் போறோம்?" என்றார் வேதமூர்த்தி.
பதினெட்டு வருடம் எல்.ஐ.சி.யில்
மற்றவர்கள் சாவுக்குத் தொகை போட்டவள் நான்.
சக்கரம் வைத்த ஒரு படுக்கை கேட்டேன்,
அவ்வளவுதான்.

இருதயநாதன் விசைப்படகுகளுக்குச் சுக்கான் ஒட்டுகிறவன்.
சந்தையில் மாடு பிடிப்பவன்போல்
ட்ரெய்லரைச் சுற்றி வந்தான், தட்டினான், குனிந்து அடிவயிற்றைப் பார்த்தான்.
"நல்ல தகடுக்கா. உப்புக்காத்து கடிக்கப் பத்து வருசம் ஆவும்."
மேலே லாரித் தார்ப்பாயில் கூடாரம்,
பின்னால் இழுத்தால் வரும் அடுப்புப் பலகை,
முப்பது லிட்டர் தண்ணீர்.
ஏணி மட்டும்
சகாயமேரி என்கிற படகு உடைபட்டபோது
அவன் எடுத்து வைத்திருந்தது.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது நான்.
பச்சைக்குக் கீழே மணல் மஞ்சள்.
மஞ்சளுக்குக் கீழே மறுபடி பச்சை, வேறு பச்சை.
அதற்கும் கீழே, மூலைகளில் மட்டும், வெள்ளை.
முல்லையும் பாலையும் பார்த்துவிட்டு
நெய்தலுக்கு வந்திருக்கிறது.
அந்த வெள்ளைக்கு
நம்மிடம் திணை இல்லை.

முதல் ஓட்டம், கேப்பர் மலைச் செம்மண் ஓடை வழியே.
உள்ளே சோதனைக்கு ஒரு தட்டு முட்டை, முப்பது.
திரும்பியபோது முழுசாய் மூன்று.
ஒரு டன் குண்டுக்கென்று அடித்த வில்தகடுகள்,
பக்கத்துக்கு ஒன்பது பட்டை.
என் மெத்தை, குக்கர், இரண்டு புடவை, ஒரு கணவர்:
அதற்கு இதெல்லாம் சுமையே இல்லை.
கனம் இல்லாமல் நடக்க
அதை யாரும் பழக்கவில்லை.
வெள்ளாட்டுக் குட்டியாய்த் துள்ளியது.

கழற்றினோம்.
எட்டுப் பட்டையில் பதினாறு உடைந்தன.
ஏழிலும் அதே பதினாறு.
இருதயநாதன் கர்த்தரைத் திட்டிவிட்டு
உடனே சிலுவை போட்டுக்கொண்டான்.
ஆறில் ஐந்து.
ஐந்தில் இரண்டு.
அந்த இரண்டும் கடையிலேயே விரிசல் விட்டவை என்று
வேதமூர்த்தி வாதாடினார்.
இந்த விஷயத்தில் முதன்முறையாக என் கட்சி.
பட்டறைத் தெருவே அந்த வாரம் ஆம்லெட் தின்றது.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் படிவத்தில்
'என்ன ஏற்றப்படும்' என்றொரு கட்டம்.
தூக்கம் என்று எழுதி
அடித்துவிட்டுச்
சொந்தச் சாமான் என்று எழுதினேன்.

பெயின்ட்டுக்குப் பணம் மிஞ்சவில்லை.
ரெட் ஆக்சைடு இரண்டு கோட்டோடு நின்றுபோனது.
"மாசம் பொறக்கட்டும், நல்ல நீலமா அடிச்சிரலாம்.
இனிமே இது யாருக்கு ஒளியணும்?"
என்றான் இருதயநாதன்.

முதல் இரவு, வீட்டிலிருந்து பதினோரே கிலோமீட்டரில்,
முந்திரிக்காட்டை ஒட்டிய செம்மண் மேட்டில்.
தூரத்தில் சிப்காட் விளக்குகள்.
காற்று திரும்பும்போதெல்லாம் லேசான மருந்து வாடை.
சாப்பிட்டுவிட்டு டார்ச்சோடு ஒதுங்கப் போனவர்
இருபது நிமிடமாய் வரவில்லை.
பிறகு குரல்:
"மங்கை! எங்க இருக்க?"

வெளிச்சம் மேட்டில் ஏறுகிறது.
ட்ரெய்லர் மேல் படுகிறது,
நிற்காமல் போகிறது.
திரும்பி வருகிறது,
மறுபடியும் மண் என்றே நினைத்துத் தாண்டுகிறது.
ஐந்து பட்டையாகியும்
பழைய வேலையை மறக்கவில்லை இது.

"மங்கை!"

கூடாரத்தின் ஜிப்பில் கை வைத்தபடி
மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.
இன்னும் ஒரே ஒரு தடவை
தாண்டிப் போகட்டும்.
அப்புறம் சொல்கிறேன்.