பனிக்கென்று செய்த கருவி

கருவியோடு வந்த கையேட்டில்
எல்லாப் படத்திலும் பனி.
கம்பளித் தொப்பி போட்ட ஒருவன்
வெள்ளைச் சரிவில் மண்டியிட்டுக் காதுகொடுக்கிறான்.
பினாங்கில் எங்களுக்குத் தெரிந்த பனி
ஐஸ் கச்சாங் கிண்ணத்தோடு சரி,
அதுவும் சிவப்புச் சர்பத் ஊற்றியது.

மண்ணுக்குள்ளும் இது கத்துமா என்று
குணசீலன்தான் முதலில் பார்த்தான்.
பாலிக் பூலாவில் ஊய் தவுக்கேயின் டுரியான் சரிவு.
அரிசிச் சாக்கில் ஈரத்துணி அடைத்து
நடுவே கருவியைச் செருகி
நான்கடி ஆழத்தில் மூடினோம்.
கத்தியது.
கையிலிருந்த மற்றதில் எண் குறைந்துகொண்டே வந்தது:
பதினேழு, ஒன்பது, மூன்று.
யாரோ கைதட்டினார்கள். உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

நான் பொருளாளர்.
மலையேற எனக்கு மூச்சு போதாது,
கணக்கு மட்டும் ஏறி இறங்கும்.
ஆயர் ஈத்தாம் சந்தையில் மீன் விற்கும் ரொஹானா
வாரம் ஐந்து வெள்ளி, நோட்டில் செதிலோடு.
காலையில் தைச்சி ஆடும் கூட்டம்
பிஸ்கட் தகரம் நிறையப் பத்துக் காசு கொடுத்தது;
எண்ணி முடிக்க இரண்டு இரவு,
விரலெல்லாம் இரும்பு வாசனை.
தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் மிஞ்சியதென்று
கோயில் பையன்கள் இருநூற்று நாற்பது.
இப்படி வந்ததில் பழைய கருவிகள் நான்கு,
முனை மழுங்கிய கம்பி பன்னிரண்டு, மண்வெட்டிகள்,
சாக்கடைக்குப் போடும் சிமென்ட் குழாய் ஒன்று.
தவுக்கே இடத்துக்குக் காசு வாங்கவில்லை.
பழம் விழும் மாதத்தில் தோண்டக்கூடாது என்றார்.
மழையிடமும் சொல்லிவிட்டீர்களா என்று
நான் கேட்கவில்லை.

மாதம் தவறாமல் பன்னிரண்டு வெள்ளி வரும்.
பெயர் வேண்டாம் என்றிருக்கும்.
எனக்குத் தெரியும்.
போன நவம்பரில் நாங்கள் கையாலும் குடையாலும்
சோற்றுப்பானை மூடியாலும் தோண்டித் தேடியது
அவள் புருஷனை.
எங்கே என்று தெரியாமல்
எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் தோண்டினோம்.
பதற்றத்தில் கை அப்படித்தான் போகும்.

குழாய்க்குள் ஆள் படுத்துப் பழகுகிற ஞாயிறு
கமலவேணி தானாக வந்தாள்,
கொம்தாரில் இரவு வேலை முடித்து, சீருடை மாற்றாமல்.
"நான் படுக்கறேன்."
குணசீலன் என்னைப் பார்த்தான்.
நான் கணக்கு நோட்டைப் பார்த்தேன்.
ஒரு முனை காற்றுக்குத் திறந்திருக்க
மறுமுனையில் பலகை, மேலெல்லாம் மண்.

முழத்துக்கு ஒரு குத்தாகக் கம்பி இறங்கியது.
கல். வேர். கல். ஒன்றுமில்லை. வேர்.
பிறகு, பல்லில் கரண்டி பட்டது போல
ஒரு சத்தம்.
இருபத்திரண்டு நிமிடம்.

கூந்தலெல்லாம் செம்மண்ணாக எழுந்து உட்கார்ந்தாள்.
தண்ணீர் நீட்டினோம், வாங்கவில்லை.
"குத்துறது உள்ள நல்லா கேக்குது.
நீங்க பேசிக்கிறதும் கேக்குது."
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை,
தோட்டத்து நாய்கூட.
"குழாய் எங்க இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும்.
தெரிஞ்சே இருபத்திரண்டு" என்றாள்.
"இன்னும் நாலு வாங்கிப் புதைங்க.
எதுல இருக்கேன்னு சொல்லமாட்டேன்."

குழாய் ஒன்று நூற்றெண்பது வெள்ளி, லோரி தனி.
கையிருப்பு முந்நூற்றுப் பதினொன்று.
அவள் பையைத் துழாவி ஐம்பது வெள்ளி எடுத்தாள்,
ரசீது வேண்டும் என்றாள்.
பெயர் வேண்டாம்தானே என்றேன், பேனாவை எடுத்தபடி.
"போடுங்க."
எழுதுகையில் அவள் முடியிலிருந்து
தாளில் மண் உதிர்ந்தது. அதன் மேலேயே எழுதினேன்.

தூறல் பிடித்துக்கொண்டது.
கம்பிகளை எண்ணி லோரியில் ஏற்றினோம்.
பதினொன்றுதான்.
மறுபடி எண்ணினோம்.
ஒன்று இன்னும் சரிவில்
குத்திய இடத்திலேயே நின்றது.