பின் சீட்டில் தவசிலிங்கம்

சிவப்புக்கு இரண்டே கதவு.
கண் டாக்டர் மகன் கனடா போகும்போது
சிக்கந்தர் ஷெட்டில் விட்டுப்போன ஜெர்மன்காரி.
நெல்பேட்டை மீன்வாடைக்கு நடுவில்
கணக்கில் வராத நகையைக் காட்டுவதுபோல்
தார்ப்பாயை ஓரமாய் விலக்கிக் காட்டினார் அவர்.

ரிங் ரோட்டில் எடுத்துப் பார்த்தேன்.
மிதித்ததும் சீட் என்னை உள்ளே இழுத்துக்கொண்டது.
கப்பலூர் டோல்கேட்
நான் யோசித்து முடிப்பதற்குள் வந்து நின்றது.
நாற்பத்து மூன்று வயதில்
வாய்விட்டுச் சிரித்தேன், காருக்குள் தனியாக.

விற்க வேண்டிய மனுஷன், உண்மையையும் சொன்னார்:
"சித்திரை வெயில்ல காளவாசல் சிக்னல்ல
கால் மணி நேரம் நின்னா கியர்பாக்ஸ் கோவிச்சுக்கும்.
சாமான் புனேயில இருந்து வரணும் டாக்டரம்மா.
போன தடவை பத்தொன்பது நாள்."

என் வேலை மயக்க மருந்து கொடுப்பது.
சொந்தமாக ஆஸ்பத்திரி கிடையாது.
உசிலம்பட்டியோ மேலூரோ
எவர் கூப்பிட்டாலும் ஓடுவேன், எந்நேரமும்.
நான் ஒழுங்காக வேலை செய்தால்
ஒன்றுமே நடக்காது.
நூறு வரை எண்ணச் சொல்வேன், ஏழில் உறங்குவார்கள்,
விழித்ததும் சர்ஜனுக்குக் கும்பிடு.
ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்வதையே
பதினேழு வருஷமாகச் செய்கிறவள்
ஏதாவது நடக்கட்டுமே என்று
ஒரு காருக்கு ஆசைப்படக் கூடாதா?

இன்பராஜ் நோட்டை விரித்துக் கோடு போட்டார்.
கூட்டுறவு வங்கி ஆடிட்டர்;
சந்தோஷத்துக்கும் ஒரு கட்டம் ஒதுக்கினார், பத்து மார்க்குக்கு.
மகளின் கிரிக்கெட் பையை டேப் வைத்து அளந்தார்.
சிவப்பில் பை ஏறினால் மகள் இறங்க வேண்டும்.
எங்கள் பசுமலைத் தெருவில் ஆறு வேகத்தடை,
அதில் இரண்டு தெருக்காரர்களே போட்டது.
சிவப்பின் வயிறு ஆறையும் தொட்டுக் கும்பிடும்.
டிக்கி, சர்வீஸ், திரும்ப விற்கும் விலை என்று
நீலம் எல்லாக் கட்டத்திலும் ஜெயித்தது,
ஒன்றைத் தவிர.

நீலத்தை ஓட்டிக்காட்ட
ஷோரூமிலிருந்து தவசிலிங்கம் வந்தான்.
கழுத்தை நெரிக்கும் டை, கடிக்கிற புது ஷூ.
பைபாஸ் ரோட்டில் மூன்றாவது கியர் போடும்போது
திருமங்கலத்திலிருந்து போன்:
பிள்ளைக்குத் துடிப்பு குறையுது, உடனே வாங்க.
"தம்பி, பெல்ட் போட்டிருக்கியா?"
வேறெதுவும் நான் கேட்கவில்லை.

அந்தப் பதினெட்டு நிமிஷம்
கார் எப்படி ஓடியதென்று எனக்கு ஞாபகமே இல்லை.
அதற்கு நான் போடக்கூடிய மார்க் அதுதான்.

பெண் குழந்தை. கொஞ்சம் தாமதித்து அழுதாள்.
கையோடு ஒரு குடல்வால்.
வெளியே வந்தபோது மணி பன்னிரண்டே முக்கால்.
தவசிலிங்கம் பின் சீட்டில்
ஷூவைக் கழற்றிவிட்டு, டையை மடித்துப் பையில் வைத்து,
முழங்காலைக்கூட முழுசாய் மடக்காமல்
உறங்கிக்கொண்டிருந்தான்.
பழக்கதோஷம், மூச்சை எண்ணினேன்.
நிமிஷத்துக்குப் பதினான்கு.

எழுப்பவில்லை.
ஷோரூமுக்குத் திரும்பும் இடத்தில் திரும்பவில்லை.
கோரிப்பாளையம் தாண்டி
தல்லாகுளத்தில் நத்தம் பாலம் ஏறினேன்.
ஏழு கிலோமீட்டர். சிக்னல் இல்லை, மாடு இல்லை,
குறுக்கே வர ஒரு ஷேர் ஆட்டோகூட இல்லை.
இரண்டாவது கியரிலேயே வைத்திருந்தேன்
முள் ஐயாயிரத்தைத் தாண்டும்வரை.
சாயங்காலம் முழுக்க அடக்கமாயிருந்த நீலம்
அப்போதுதான் வாயைத் திறந்தது.
சிவப்பு தந்த சிரிப்பு இல்லை அது.
ஆனாலும் உதட்டோரம் ஏதோ அசைந்தது.

செட்டிகுளம் இறக்கத்தில்
பின்னாலிருந்து ஒரு தூக்கக் குரல்:
"மேடம், எங்க போறோம்?"
"டெஸ்ட் டிரைவ் இன்னும் முடியலைப்பா."

காலையில் நீலத்துக்கு முன்பணம் கட்டினேன்.
சிக்கந்தரிடம் இன்னும் சொல்லவில்லை.
ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்க
இப்போதெல்லாம் இன்பராஜைத்தான் அனுப்புகிறேன்.