கேள்வி நாற்பத்தொன்று

மோலோவில் மழை. தகரக் கூரைக்குக் கீழே
கத்திக் கேட்க வேண்டியிருந்தது:
வேற்று இனத்து அண்டைவீட்டாரை
எவ்வளவு நம்புகிறீர்கள், பத்துக்கு?

உருளைக்கிழங்கு உரித்தபடி
ஞாம்புரா "ஐந்து" என்றாள்.
பிறகு கத்தி நின்றது.
"வேலிக்கு அந்தப்பக்கம், செலகாட்,
அவள் எத்தனை சொன்னாள்?"

சொல்லக்கூடாது. விதி.

என் முகத்தில் எதையோ படித்திருக்கிறாள்.
"மூன்று போட்டுக்கொள்."
செருப்பு மாட்டும்போது மறுபடி கூப்பிட்டு,
"ரெண்டு."

செலகாட் சொன்னது ஆறு.

இரண்டு வீட்டுக்கும் வருமானம் ஏறக்குறைய ஒன்று.
எரிந்த வருடத்துக்குப் பின் போட்ட
ஒரே ரகத் தகரம்,
ஒரே கடையில் கடன்.

மேட்டில் தேயிலைத் தோட்டத்து வாசலுக்கு
மூன்று முறை போனேன்.
நாயை இழுத்துப் பிடித்தபடி
காவலாளி சொன்னான்: ஐயா இல்லை.
படிவத்தில் அதற்கு எண் 99.

நைரோபியில்
99-ஐ எல்லாம் நீக்கிவிட்டுத்தான்
சராசரி எடுப்பார்கள்.