வாய்தாவுக்கு வட்டி

புதுவயலில் இருந்து காரைக்குடி வரை
எனக்கு டிக்கெட் கிடையாது.
டவுன் பஸ், பொம்பளைக்கு இலவசம்.
காரைக்குடியில் மதுரை வண்டி ஏறியதும்
சட்டம் மாறிவிடும்.

இரண்டு சீட்டு முன்னால் வயிரவன் முதலாளி.
நோட்டீசில் அவர் எதிர்மனுதாரர்.
முதலாளி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம்.
ஒரு நெல் மில், ஒரு கொதிகலன், ஒன்பது ஆள்.
என்னையும் சேர்த்தால் பத்து.
என்னைச் சேர்ப்பதா இல்லையா என்பதுதான்
வழக்கே.

கர்ப்பப்பை எடுத்து நாற்பது நாள் கழித்துப் போனேன்.
களத்தில் என் இடத்தில் வேறொருத்தி
நெல்லைக் காலால் கிண்டிக்கொண்டிருந்தாள்.
நீயாத்தானே நின்னுட்டே என்றார்.
நீங்கதானே நிறுத்தினீங்க என்றேன்.
மொத்தம் இரண்டு வாக்கியம்.
கேட்டு முடிக்க ஒன்பது வருஷம் போதவில்லை.

ஜட்ஜ் லீவு.
ஜட்ஜ் மாற்றல்.
அவர் வக்கீல் வரவில்லை.
என் வக்கீல் வந்தார், கேஸ் கட்டு வரவில்லை.
ஒரு தடவை எல்லாரும் வந்தார்கள், கட்டும் வந்தது;
அன்றைக்குக் கோர்ட் புறக்கணிப்பு.

நான் கேட்டது முப்பத்தெட்டாயிரத்து நானூறு.
அறுபத்து மூன்று வாய்தா.
போக வர பஸ்ஸுக்குச் சராசரி நூற்றெண்பது,
போன கூலி நானூறு.
பெருக்கிக் கூட்டினால் முப்பத்தாறாயிரத்து ஐந்நூற்று நாற்பது.
நான் ஜெயித்தால் மிஞ்சுவது
ஆயிரத்து எண்ணூற்று அறுபது.
இன்னும் நாலு தடவை தள்ளிப்போட்டால்
கோர்ட்டுக்கு நான் பாக்கி.

நடப்பு வட்டி, நாள் வட்டி என்று
கடல் தாண்டிக் கொடுத்த கடனுக்கே
அணா பைசா விடாமல் எழுதிய சீமை இது.
இங்கே எந்தப் பெட்டியடியிலும்
ஒன்பது வருஷம் ஒரு தொகை சும்மா கிடக்காது.
வாய்தாவுக்கு வட்டி யார் கட்டுவது?

மேலூர் தாண்டி டயர் வெடித்தது.
எல்லாரும் பெட்ரோல் பங்க் நிழலில் நின்றோம்.
அவர் வெள்ளரிப்பிஞ்சு வாங்கி எனக்கு ஒன்று நீட்டினார்.
எதிர்மனுதாரரிடம் வாங்கலாமா என்று
வக்கீலைக் கேட்கத் தோன்றவில்லை. பசி.

"வாய்தாவுக்கு ஆயிரத்தைந்நூறு அரியநாச்சி, வக்கீலுக்கு.
பெருக்கிப் பாரு."
பெருக்கினேன். தொண்ணூற்று நாலாயிரத்து ஐந்நூறு.
"அன்னிக்கே எனக்குக் கொடுத்திருக்கலாம்ல?"
உப்பைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னார்:
"உனக்குக் கொடுத்தா மத்த ஒன்பது பேரும்
வரிசையில நிப்பாங்கன்னாங்க."
நியாயமாகக் கேட்டால் நிற்கட்டுமே என்றேன்.
அவர் ரோட்டைப் பார்த்தார்.

பிறகு சட்டைப்பையில் இருந்து ஒரு பேப்பர் துண்டு.
தொழில் வழக்குச் சட்டத்தைத் திருத்தப்போகிறார்களாம்,
யாரும் யோசனை எழுதலாமாம், வெள்ளிக்கிழமை கடைசி.
"சங்கம் எழுதும். பெரிய கம்பெனி எழுதும்.
பத்துப் பேர் மில்லுக்கு யாரு எழுதுவா?"

நெல் பில்லின் பின்பக்கம். பேனா அவருடையது.
கையெழுத்து என்னுடையது, அவருடையது கோழி கிளறல்.

ஐயா,
லட்சத்துக்குக் குறைந்த வழக்கைக் காரைக்குடியிலேயே கேளுங்கள்,
மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு மேஜை போதும்.
வருஷத்துக்குள் தீர்ப்புச் சொல்லுங்கள்.
வாய்தா கேட்டவர் மற்றவரின் பஸ்ஸும் கூலியும்
அங்கேயே எண்ணி வைக்க வேண்டும்,
கேட்டது கோர்ட்டானாலும்.
வக்கீல் வராவிட்டால் எங்களையே பேச விடுங்கள்.
எங்களுக்கு நடந்தது எங்களுக்குத் தெரியும்.

பொய் வழக்குக்கு அபராதம் என்று எழுது என்றார்.
பொய் ரிஜிஸ்டருக்கும் என்றேன்.
பஸ் புறப்படும்வரை அதில் சண்டை.
கடைசியில் இரண்டையும் எழுதினேன்,
ரிஜிஸ்டரை மேலே.

அன்றும் வாய்தாதான். அடுத்த மாதம் பதினேழு.
நான் மன்னிக்கவில்லை. அவரும் ஒப்புக்கொள்ளவில்லை.
மனு மட்டும் போயிற்று, இரண்டு கையெழுத்தோடு.
தபால் செலவு நான் கொடுத்தேன்.
பாதி அவர் தர வேண்டும்.
தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.