மூன்றாம் ரிக்கி வேல்

டுலூத் வானொலியில் வேலை கிடைத்த அன்று
மேலாளர் ஒரு டேப்பை ஓடவிட்டார்.
ஐந்து பெண்குரல், இரண்டு டிரம்பெட்,
"ரிக்கி வே...ல்!" என்று நாலு விநாடி.
டல்லஸில் பாடிப் பதிந்தது, விலை அதிகம்.
ஆளை மாற்றுவது மலிவு.
"இனி நீதான் ரிக்கி" என்றார்.
ஆர்வோ நிஸ்கனென் என்கிற நான்
சட்டைக்குள் எங்கோ நழுவிப் போனேன்.

எனக்கு முன் இரண்டு ரிக்கிகள்.
ஒருவன் ஃபார்கோவில் வேறு பெயரில் வானிலை வாசிக்கிறான்.
முதலாமவனைப் பற்றி யாரும் பேசவில்லை.
நாற்காலியின் இடது கைப்பிடியில் மட்டும்
சிகரெட் சுட்ட தழும்புகள்.

தொழில் இவ்வளவுதான்:
முன்னிசை பதினாலு விநாடி என்றால்
பதிமூன்றரைக்குள் பேசி முடி.
பாடகி மூச்சிழுக்கும்போது நீ அங்கே இருக்கக் கூடாது.
நான் இருந்தேன். அடிக்கடி.
அவளுடைய முதல் சொல்லை மிதித்துக்கொண்டு.

மூத்திரம் போய்வர ஏழு நிமிடப் பாட்டு ஒன்று.
பனி கொட்டினால் மூடிய பள்ளிகளின் பட்டியல்;
அந்தக் காலைகளில்தான் ஊரே என்னைக் கேட்டது.
டயர் கடைத் திறப்பு விழாவில் கையெழுத்து வாங்க வந்தவள்
ஏற இறங்கப் பார்த்துவிட்டு
"ரேடியோவில் இன்னும் உயரமாக இருந்தீர்கள்" என்றாள்.

பிப்ரவரியில் ஓர் இரவு, இரண்டேகால் மணி.
ஏரி உறைந்து கிடந்தது, துறைமுகத்தில் கப்பலே இல்லை.
நேயர் விருப்பத் தொலைபேசி மினுக்கியது.
"அவளை மிதிக்கிறாய்" என்றது ஒரு குரல்.
யார்?
இருமல். பின்னால் குழாய் சொட்டும் ஓசை.
"எல்மர் ட்வைட். அந்த ஐந்து பெண்களும்
எனக்காகப் பாடியவர்கள்."

என்ன நினைத்தேனோ,
அடுத்த தட்டைச் சுழலவிட்டு
என் மைக்கை இறக்கி, அவர் இணைப்பை ஏற்றினேன்.
"பதினெட்டு விநாடி. பேசுங்கள்."

பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை.
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு என்றார்.
பாலத்தில் உப்புத் தூவுகிறவர்களுக்கு வணக்கம் என்றார்.
கார் கிளம்பாதவர்கள் திரும்பப் போய்ப் படுங்கள் என்றார்.
பிறகு, வருகிற ஒருத்திக்குக் கதவைத் திறந்து பிடிப்பவர் போல
நிறுத்தினார்.
அவள் உள்ளே வந்தாள். பாடினாள்.

நான் தொலைபேசியை எடுத்தபோது வெறும் இரைச்சல்.
மறுநாள் மேலாளர் சொன்னார்:
"ராத்திரி தேறிவிட்டாய். தொண்டையில் சளியோ?"
ஆமாம் என்றேன்.
சம்பளத்தில் பத்து டாலர் கூட்டினார். வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் ஒன்பது நிலையம், ஆறு பெயர்,
இரண்டு ஊர்களில் வாடகை பாக்கி.
கடைசியில் ஒரு கணினி
என் வணக்கங்களை மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டு
நான் தூங்குகையில், நான் பார்த்திராத ஊர்களுக்கு
விடிந்துவிட்டது என்று சொன்னது.
பிறகு அதற்கும் நான் வேண்டியிருக்கவில்லை.

இப்போது சூப்பர்மார்க்கெட் வரிசையில் நிற்கிறேன்.
கூரையிலிருந்து ஏதோ பாட்டுத் தொடங்கினால்
வாய் தானாக அசைகிறது:
பால், முட்டை, வெளியே வழுக்கும், பார்த்துப் போங்கள்.
முன்னால் நிற்பவர் திரும்பிப் பார்க்கிறார்.
விரல் உயர்த்தி, பொறுங்கள் என்கிறேன்.

இதோ, மூச்சிழுக்கிறாள்.