வாளிக்குப் பக்கத்து முக்காலி

இந்த வருஷம் என் முறை.
கூடத்தின் மூலையில் முக்காலி,
அதன் காலடியில் துத்தநாக வாளி, முக்கால்வாசித் தண்ணீர்,
விளிம்பில் நனைத்துப் பிழியாத துணி.

டென்மார்க்கின் மேற்குக் கரை. வெளியே
கடல்காற்று கூரையைப் பிறாண்டிக்கொண்டிருக்கிறது.
உள்ளே பதினொரு பேர் கைகோத்து
மரத்தைச் சுற்றப் போகிறார்கள்.
இருபத்துநான்கு மெழுகுவர்த்தி, எல்லாம் நிஜம்.
மின்விளக்குச் சரம் என்றாலே
மாமியார் விபெக்கேவுக்கு முகம் கோணும்.

மத்தியானமே ஒரு கிளையை மடக்கிப் பார்த்தேன்.
வளைந்தது, முறியவில்லை.
உள்ளங்கையில் நாலே நாலு ஊசியிலை.
போன வருஷம் கைநிறைய வந்தது.
"இது மரமில்லை,
நிமிர்ந்து நிற்கிற தீக்குச்சி" என்றார் எய்னார் சித்தப்பா.
ஏற்றவில்லை.
பாதாம் ஒளித்த பாற்சோற்றை
யாரும் பேசாமல் ரொம்ப நேரம் மென்றோம்.

மேலிருந்து கீழாக ஏற்ற வேண்டும்,
கீழிருந்து மேலாக அணைக்க வேண்டும்.
மாற்றிச் செய்தால் சட்டைக்கை போகும்.

ஏற்றியாயிற்று.
எல்லாரும் மரத்தைப் பார்க்கிறார்கள்.
எனக்கு மரம் இல்லை, சுடர்கள் மட்டும்:
எது மேல்கிளையை நக்கப் பார்க்கிறது,
எது ஒருபக்கமாய் ஒழுகுகிறது,
திரைச்சீலை எந்த வரியில் அசைகிறது.
வட்டத்தில் நான் இல்லாத இடத்தை
அஸ்கெரின் கை கொஞ்சம் நீண்டு மூடிக்கொண்டது.

மூன்றாம் பாட்டு.
சிக்னேயின் பாவாடை கிளப்பிய காற்றில்
கீழ்வரிசையில் ஒன்று தலைசாய்ந்தது.
எழுந்தேன். ஈரவிரலால் கிள்ளினேன்.
ஸ்.
பாட்டு நிற்கவில்லை.
யாரும் பார்க்கவும் இல்லை.

பத்தரை மணி. பரிசுகள் பிரிந்து
தரையெல்லாம் காகிதம்.
பெர்ட்ரமின் புது வண்டி ஓடவில்லை,
பேட்டரி வாங்க மறந்துவிட்டார்கள்.
கடைகளோ இன்னும் இரண்டு நாள் திறக்காது.
பையன் உதட்டைப் பிதுக்க,
ஒரு நாற்காலி நகர்கிறது.
தீக்குச்சி என்று சொன்ன அதே எய்னார்
அதன்மேல் ஏறி, கூரையிலிருக்கும் புகைமணியின் மூடியை
நகத்தால் நெம்புகிறார்.

"இறங்குங்க."
"ஒரு ராத்திரிக்குத்தானே, ரிக்மோர்?"
"இறங்குங்க. இன்னும் என் முறைதான்."

நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.
பையன் வீறிட்டான். விபெக்கே பெருமூச்சு விட்டாள்.
பண்டிகையும் அதுவுமாய்
பிள்ளையை அழவைத்தவள் என்று
ஈஸ்டர் வரைக்கும் ஓடும் இந்தப் பேச்சு.
ஓடட்டும்.

எல்லாரும் தூங்கிய பிறகு
வாளியைத் தூக்கினேன். கனம் குறையவே இல்லை.
மரத்தின் அடித்தொட்டியில் சாய்த்தேன்.
முதல் குவளை சத்தமில்லாமல் இறங்கியது,
இரண்டாவதும் இறங்கியது.
இத்தனை தாகத்தோடா
சாயங்காலம் முழுக்க எரிந்துகொண்டிருந்தாய்?

இருட்டில் கூரையைப் பார்த்தேன்.
நிமிஷத்துக்கு ஒருமுறை சிவப்பாய்ச் சிமிட்டும் என்பார்கள்.
ஒன்று வந்தது.
நம்பாமல்
இன்னொன்றுக்கும் நின்றேன்.